பீச்சும் சிக்கமோரும்: கைக்கருவிகளால் மரவேலை – ஓர் அறிமுகப் பாடம்

பிம்ப்ரியில் பணி நிமித்தம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள் நால்வர், ஞாயிற்றுக்கிழமை தோறும் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு மூலையில் கூடி மரவேலை பழகி வருகிறோம். எங்களில் ஒருவரும் பரம்பரைத் தச்சர் அல்லர். ஆர்வம் ஒன்றே முதலாகத் தொடங்கினோம். எங்களுடைய முதல் பெரிய முயற்சி ஓர் உணவு மேசை. நல்ல தேக்கின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைகளில் ‘ஸ்டீம் பீச்’ என்ற பெயரில் விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற ஐரோப்பிய மரத்தை வாங்கினோம். ஆகஸ்டு மாதத்தில் பலகைகளை ஒட்டி, 5 அடி நீளமும் 30 அங்குல அகலமும் உள்ள மேற்பலகையைச் செய்தோம். அது சிறிதும் அசையக் கூடாது என்று எண்ணி, அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு திருகாணிகளால் இறுக முடுக்கினோம்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் நள்ளிரவில் வெடிச்சத்தம் போன்ற ஓசை கேட்டு அந்த வீட்டார் விழித்தனர். மேற்பலகை நடுவில் நீளவாக்கில் பிளந்திருந்தது. மரத்திற்கும் கருவிகளுக்குமாக நாங்கள் செலவிட்டது ₹18,000. மரம் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே முதலில் கருதினோம். அக்கம்பக்கத்தில் ஐம்பது ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் மராத்தியத் தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் பலகையின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “மரத்தின் மேல் குற்றம் இல்லை, அண்ணா. தேக்கைக் கட்டுவது போல இதைக் கட்டிவிட்டீர்கள்” என்றார்.

அந்த ஒரு சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. அவ்வோராண்டில் கற்றவற்றை வாசகர்களுக்குப் பாடமாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டிற்குப் பீச் மரத்தில் மேசை நாற்காலி வாங்க எண்ணுவோருக்கும், ஓய்வுநேரத்தில் மரவேலை பழக விரும்புவோருக்கும், அதைத் தொழிலாகவே கொண்டவர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

எந்த மரம்?

பீச் என்பது ஐரோப்பியக் காடுகளில் பெருவாரியாக வளரும் மரம். ஓக் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டுக் காடுகளில் அது இல்லை. இங்கே விற்பவை யாவும் இறக்குமதியானவை. அறுத்த பலகைகளை நீராவியில் வைத்துப் பதப்படுத்துவதால் அதன் வெளிர்நிறம் இளஞ்சிவப்பாக மாறுகிறது, உள்ளே இருக்கும் இறுக்கமும் ஓரளவு தளர்கிறது. ‘ஸ்டீம்’ என்ற அடைமொழி வந்தது இதனால்தான். நீராவியில் இளகி வளைந்து கொடுப்பது இம்மரத்தின் தனிச்சிறப்பு. வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘14ஆம் எண்’ என்று புகழ்பெற்ற வளைமர நாற்காலி, பீச் தண்டுகளை நீராவியில் வளைத்துச் செய்யப்பட்டதே.

சிக்கமோர் என்ற பெயரில் குழப்பம் மிகுதி. விவிலியத்தில் சகேயு ஏறிய மரத்தைத் தமிழில் காட்டத்தி என்பர். ஆங்கில விவிலியத்தில் அதன் பெயர் சிக்கமோர். உண்மையில் அது அத்தி இனம். அமெரிக்கர் சிக்கமோர் என்று சொல்வதோ காஷ்மீரத்துச் சினார் மரத்தின் உறவு. பிரித்தானியர் அப்பெயரால் குறிப்பது மேப்பிள் இனத்து மரமொன்றை. மரவேலைக்காரர் பேசும் சிக்கமோர் பெரும்பாலும் இந்த மூன்றாவதே. இக்கட்டுரையிலும் அதையே குறிக்கிறோம். நம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் வயலினின் முதுகுப் பலகை வழக்கமாக மேப்பிள் இனத்து மரத்தால் ஆனது. வார்னிஷின் அடியில் புலிவரி போல மின்னும் குறுக்கு அலைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய அலையோட்டம் சிக்கமோரிலும் காணப்படும்.

இவ்விரண்டுக்கும் நம் மண்ணில் ஒப்புமை தேடினால், சென்னப்பட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் வெட்பாலையையும், அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களுக்குப் பயன்பட்டு வந்த மஞ்சக்கடம்பையும் சொல்லலாம். வெளிர்நிறம், நுண்ணிய துளைகள், வழவழப்பான மேற்பரப்பு ஆகியவை இவற்றின் பொதுப் பண்புகள். ஆகவே, கீழே சொல்லப்படும் கருவிப் பழக்கங்கள் நம் ஊர் வெண்மரங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வைரம் காணாத மரம்

நம்மவர் மரம் வாங்கும்போது முதலில் பார்ப்பது வைரம். வைரம் பாய்ந்த கட்டை கரையானுக்கும் மழைக்கும் அஞ்சாது. வெளிறிய கட்டை விறகுக்கே ஆகும் என்பது தலைமுறைகளாக வந்த அறிவு. தேக்கு, வேங்கை, தோதகத்தி போன்றவற்றில் அது முற்றிலும் சரி. பீச்சிலும் சிக்கமோரிலும் வைரம் தனி நிறமாகப் பிரிந்து தெரிவதில்லை. மரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். ஆனால் அவை மென்மரங்கள் அல்ல. உலர்ந்த பீச்சின் எடை ஒரு கனமீட்டருக்குச் சுமார் 710 கிலோ. தேக்கு சுமார் 655 கிலோ. சிக்கமோர் சுமார் 615 கிலோ. அழுத்தத்தைத் தாங்குவதில் பீச் தேக்கைவிட ஒரு படி மேல். ஐரோப்பியத் தச்சர்கள் இழைப்புளியின் உடலையும் கொட்டாப்புளியையும் வேலை மேசையையும் பீச்சில் செய்துகொண்டது இதனால்தான்.

வலிமையில் குறையில்லாத இம்மரங்கள் வேறு இரண்டில் குறைபட்டவை. முதலாவது, நீடித்து நிற்கும் தன்மை. ஈரமண்ணோடும் மழையோடும் உறவாடினால் இவை விரைவில் மக்கும். கரையானும் துளைப்புழுவும் தின்னும். பால்கனி நாற்காலி, தோட்டத்து ஊஞ்சல், குளியலறைக் கதவு ஆகியவற்றிற்கு இவை ஆகா. வீட்டின் உள்ளே, உலர்ந்த இடத்தில் மட்டுமே இவற்றுக்கு இடம். இரண்டாவது குறை எங்கள் மேசையைப் பிளந்தது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மரம் விரிந்து சுருங்கும் கணக்கு

மரம் அறுபட்ட பிறகும் காற்றின் ஈரத்தை ஏற்றும் இறக்கியும் வாழ்கிறது. ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவே. அகலவாக்கில்தான் அது நிகழ்கிறது. பச்சை மரம் முழுமையாக உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் பீச் ஏறத்தாழ 11.8 விழுக்காடு சுருங்கும். சிக்கமோர் 7.8 விழுக்காடு. தேக்கு 5.3 விழுக்காடு மட்டுமே. அதாவது பீச்சின் அசைவு தேக்கின் அசைவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது பிம்ப்ரியின் பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பவனை ஆற்றங்கரை ஊர்களில் துணி காய்வதே அரிது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஏப்ரல் பிற்பகல்களில் அதுவே 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றில் நெடுநாள் இருக்கும் மரம் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். 30 விழுக்காட்டுக் காற்றில் அது சுமார் 6 விழுக்காடாகக் குறையும். வீட்டினுள் உள்ள மரம் இந்த இரு எல்லைகளையும் தொடுவதில்லை. மேற்பூச்சும் வேகத்தைக் குறைக்கும். ஆகவே பாதியளவு, அதாவது 5 புள்ளி மாற்றம் என்று கொள்வோம்.

300 மி.மீ. அகலமுள்ள பலகையில் 5 புள்ளி மாற்றத்தால் தேக்கு ஏறக்குறைய 3 மி.மீ. அசையும். சிக்கமோர் 4 மி.மீ. பீச் 6 மி.மீ. எங்கள் மேசையின் அகலம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ. அந்த அகலத்தில் பீச் சுமார் 15 மி.மீ. சுருங்க முயன்றிருக்கும். அடிச்சட்டத்தில் முடுக்கிய பன்னிரண்டு திருகாணிகளும் அதைச் சுருங்கவிடவில்லை. விடாத இடத்தில் மரம் தானே வழி செய்துகொண்டது. தேக்கில் இதே பிழையைச் செய்தவர்களை மரம் பல வேளை மன்னித்துவிடுகிறது. பீச் மன்னிப்பதில்லை.

வாங்கும்போது

புனேயின் பவானி பேட்டை மரச்சந்தையிலும் பிற மரக்கடைகளிலும் மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 5 அடி, 30 அங்குலம், 1 அங்குலம் என்ற அளவுள்ள மேற்பலகைக்கு 150ஐ 144ஆல் வகுக்க, 1.04 கன அடி ஆகும். அறுப்பிலும் இழைப்பிலும் கழியும் பகுதிக்காக நான்கில் ஒரு பங்கைக் கூட்டி வாங்குதல் வேண்டும். இக்கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே தாளில் போட்டுக்கொண்டால் விலைச்சீட்டைச் சரிபார்க்க எளிதாகும்.

பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்திற்குச் செங்குத்தாக நின்றால், அப்பலகை அகலத்தில் ஏறக்குறையப் பாதியளவே அசையும். கோடுகள் படுத்து, வில் போல வளைந்திருந்தால் அசைவும் மிகுதி, பலகை கிண்ணம் போல வளையும் அச்சமும் மிகுதி. பீச்சை அடையாளம் காண்பது எளிது. அதன் முகத்தில் எள்ளைத் தூவினாற்போலச் சிறுசிறு பழுப்புக் கீற்றுகள் இருக்கும். சிக்கமோர் பாலேடு போன்ற வெண்மையுடையது. ஐரோப்பாவில் அதன் பலகைகளை நிறம் கறுக்காமல் இருக்க நிமிர்த்தி வைத்து உலர்த்துவார்கள். சாம்பல் நிறக் கறை படிந்த சிக்கமோர் உலரும்போது பூஞ்சை கண்டது என அறியலாம்.

வாங்கிய மரத்தை உடனே அறுக்கலாகாது. மேசை நிற்கப்போகும் அறையிலேயே, பலகைகளுக்கு இடையே ஒரே தடிப்புள்ள குச்சிகளை வைத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். ஈரம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு சிறு துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் எடை மாறவில்லை எனில் மரம் அறையின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள்.

பிம்ப்ரி, போசரி, சாகண் தொழிற்பேட்டைகளில் வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளும் தாங்குகட்டைகளும் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை பைன் வகை. பாரமான இயந்திரத்தின் அடியில் வந்த கட்டைகளில் சிலவேளை பீச்சும் இருக்கும். பழகுவதற்கு இவை நல்ல மரங்கள். ஆனால் அவற்றின் மேல் உள்ள முத்திரையைப் படித்த பிறகே தொடுங்கள். கோதுமைக் கதிர் படமும் நாட்டின் ஈரெழுத்துக் குறியும் உள்ள அம்முத்திரையில் ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பூச்சி நீக்கப்பட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எந்த முத்திரை இருப்பினும் பெட்டி மரத்தில் உணவு தொடும் பொருள்களைச் செய்யலாகாது. வழியில் எந்த எண்ணெயும் எந்த வேதிப்பொருளும் அதன் மேல் சிந்தியிருக்கும் என்பதை எவரும் அறியார்.

கைக்கருவி ஏன்?

அடுக்ககத்தில் வாழ்வோர்க்கு ஓசை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் தூசு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டில் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. மூக்கினுள் தோன்றும் புற்றுநோயோடு மிகுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டவை ஓக், பீச் போன்ற வன்மரங்களின் தூசுகளே. மின்சார அறுப்பானும் தேய்ப்பானும் மூச்சில் கலக்கும் நுண்தூசியை எழுப்புகின்றன. இழைப்புளியிலிருந்து வருவதோ சுருள். அது தரையில் விழுந்து கிடக்கும். ஆயினும் ரம்பத்தாலும் உப்புத்தாளாலும் எழும் தூசுக்காக முகக்கவசம் அணிதல் வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் மரம் தேய்த்தலைத் தவிருங்கள்.

தொடங்குவதற்கு மிகச் சில கருவிகளே போதும். நடுத்தர நீளமுள்ள ஓர் இழைப்புளி, நுண்பல் கொண்ட ஒரு கைரம்பம், 6, 12, 25 மி.மீ. அகலமுள்ள மூன்று உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், இரண்டு பிடிப்பான்கள், இருபக்கத் தீட்டுக்கல் ஒன்று. மராத்தியத் தச்சர் இழைப்புளியை ரந்தா என்றும், ரம்பத்தைக் கர்வத் என்றும், உளியைப் படாசி என்றும் சொல்வர். கடையில் இப்பெயர்களைச் சொல்லிக் கேட்டால் நல்ல பொருள் விரைவில் கைக்கு வரும்.

கூரே முதற்பாடம்

தேக்கில் இயற்கையாகவே மணல் போன்ற சிலிக்கா உண்டு. அது அலகின் கூரை விரைவில் மழுக்கும். அதனால் தேக்கில் பழகியவர்கள் சற்று மழுங்கிய அலகோடு வலிந்து தள்ளும் பழக்கத்தைப் பெற்றுவிடுகிறார்கள். பீச் அலகை அவ்வளவு விரைவில் மழுக்காது. ஆனால் மழுங்கிய அலகை அது ஏற்கவும் செய்யாது. நார்களை வெட்டாமல் அமுக்கிவிட்டு வரும் அலகின் தடம், எண்ணெய் பூசியபின் மங்கலான திட்டுகளாகத் தெரியும்.

அலகையும் உளியையும் 25 பாகைச் சாய்வில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் முடியுங்கள். பின்புறத்தில் மெல்லிய பிசிறு எழும்வரை தீட்டி, பின்பு அலகின் முதுகைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து அப்பிசிறை நீக்குங்கள். தாளின் விளிம்பை அலகு ஓசையின்றி அறுத்தால் கூர் போதும். கால்மணி நேர வேலைக்கு ஒருமுறை கல்லில் நாலைந்து இழுப்பு இழுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

நாரோட்டத்தை அறிவது அடுத்த பாடம். பலகையின் பக்கவிளிம்பில் நார்கள் எந்தத் திசையில் மேல்நோக்கி ஏறுகின்றனவோ அத்திசையில் இழையுங்கள். பூனையின் முதுகைத் தடவுவது போல, மயிர் படியும் போக்கில் செல்லுதல் வேண்டும். எதிர்த்திசையில் சென்றால் நார் பிய்ந்து குழி விழும். பீச்சில் பெரும்பாலும் நார் நேராக ஓடுவதால் இது எளிது. அலையோட்டமுள்ள சிக்கமோரிலோ அங்குலத்திற்கு அங்குலம் நார் திசை மாறும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. அலகின் முதுகில் அமரும் மேல்தகட்டைக் கூர்முனைக்கு அரை மி.மீ. தொலைவுக்குள் நெருக்குவது ஒன்று. தாளினும் மெல்லிய சுருள் வருமாறு அலகை உள்வாங்கி, இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துத் தள்ளுவது இரண்டு. அவ்விரண்டிலும் அடங்காத இடத்தை எஃகுச் சுரண்டுதகட்டால் சுரண்டி முடிப்பது மூன்று.

இரு மரங்களிலும் ஆணியும் திருகாணியும் துளையிடாமல் ஏறா. திருகாணித் தண்டின் தடிப்புக்கேற்பத் துளையிட்டு, புரிகளில் சிறிது சோப்புத் தடவி முடுக்குங்கள். பசை ஒட்டுவதில் மட்டும் இவை தேக்கினும் எளியவை. தேக்கின் எண்ணெய்ப்பசை ஒட்டுக்கு இடையூறு. இவற்றில் அது இல்லாததால் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை நன்கு பிடிக்கும்.

முதல் வேலை: ஒரு துடுப்பு

மேசையில் கைவைத்தது எங்கள் அவசரம். நீங்கள் களி கிண்டும் துடுப்பிலிருந்து தொடங்குங்கள். பீச்சுக்கும் சிக்கமோருக்கும் உணவில் இறங்கும் மணமோ நிறமோ இல்லை. துளைகள் மிக நுண்ணியவை. மேலைநாட்டுச் சமையலறைகளில் கரண்டிக்கும் காய்வெட்டும் பலகைக்கும் இவை விரும்பப்படுவது இக்காரணங்களாலேயே.

320 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிப்புள்ள, நேரான நாருடைய துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக இழையுங்கள். அட்டையில் துடுப்பின் வடிவத்தை வெட்டி, அதை வைத்துப் பென்சிலால் வரையுங்கள். நார் பிடியிலிருந்து இலைவரை முறியாமல் ஓடுமாறு வடிவத்தை வைப்பது முக்கியம். நார் குறுக்கே ஓடினால் பிடி ஒருநாள் உடையும். கோட்டிற்கு வெளியே 2 மி.மீ. விட்டு ரம்பத்தால் அறுங்கள். வளைவான இடத்தில் 10 மி.மீ. இடைவெளியில் கோடுவரை குறுக்கு வெட்டுகள் போட்டு, இடைத்துண்டுகளை உளியால் தட்டி நீக்குங்கள். அகன்ற பகுதியிலிருந்து குறுகிய பகுதியை நோக்கியே உளி இறங்குதல் வேண்டும். மாறி இறங்கினால் மரம் பிளக்கும். உளி செல்லும் வழியில் மற்றக் கையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

இலைப்பகுதியை நுனியை நோக்கிப் படிப்படியாக 5 மி.மீ. வரை மெலிவித்து, பிடியின் விளிம்புகளை உருட்டுங்கள். 120, 180, 240 எண் உப்புத்தாள்களால் முறையே தேயுங்கள். பின்பு ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் நுண்நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை மீண்டும் 240ஆம் எண் தாளால் மெல்ல நீக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிச் சென்றால், முதல்நாள் கழுவியதுமே துடுப்பு சொரசொரப்பாகிவிடும்.

மேலே பூசுவதற்கு நல்லெண்ணெய் ஆகாது. அது காற்றில் இறுகாமல் நாளடைவில் சிக்கடிக்கும். உணவுக்கான ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் தன்மையுடையது. அதை மெல்லியதாகப் பூசி, கால்மணி கழித்து நன்கு துடைத்து, சில நாள் உலரவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. இறுகும்போது எழும் வெப்பத்தால் அது தானே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்து உலர்த்திய பிறகே கழியுங்கள். துடுப்பைக் கழுவியதும் துடைத்து நிறுத்தி வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடலாகாது.

பலகைக்கு வழிவிடுதல்

துடுப்பு, காய்வெட்டும் பலகை, சிறு பெட்டி என்று கை பழகியபின் மேசைக்கு வரலாம். அகன்ற பலகை எதுவாயினும் அது விரியவும் சுருங்கவும் இடம்விட்டுப் பொருத்துவதே விதி. மேற்பலகையின் நடுக்கோட்டில் மட்டும் திருகாணியை இறுக்கலாம். விளிம்புகளை நோக்கியுள்ள துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளும் காடிகளாகச் செய்து, வாஷர் வைத்துத் திருகாணியை அளவாக முடுக்குங்கள். அல்லது அடிச்சட்டத்தின் உட்புறத்தில் காடி வெட்டி, அதில் நாக்கு நுழைந்து நகரும் சிறு மரத்துண்டுகளால் மேற்பலகையைப் பிடிக்கலாம். கதவுகளில் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையிடாமல் மிதக்கவிடுங்கள். எண்ணெயோ வார்னிஷோ எதைப் பூசினாலும் மேற்புறம், அடிப்புறம் இரண்டிலும் ஒரே அளவு பூசுங்கள். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை வளையும்.

ஆயத்தமாகச் செய்த பீச் மேசையை வாங்குவோரும் இதைச் சரிபார்க்கலாம். கடையில் குனிந்து மேசையின் அடியைப் பாருங்கள். நீள்காடிகளோ நகரும் பிடிகளோ தெரிந்தால் செய்தவர் மரமறிந்தவர். திருகாணிகள் நேராக இறுக முடுக்கப்பட்டிருந்தால் விலை பேசும் முன் கேள்வி கேளுங்கள்.

தொழிலாகக் கொள்வோர்க்கு

எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு பலகையின் இழப்பு மனவருத்தத்தோடு முடியும். கைவினையே வாழ்வாகக் கொண்ட தச்சருக்கு ஒரு மேசை திரும்பி வந்தால் அது ஒரு மாத வருமானம். அத்தகையோர் அறிய வேண்டியது, நடுவண் அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விசுவகர்மா திட்டம். அதில் சேர்க்கப்பட்ட 18 கைத்தொழில்களில் தச்சுவேலையும் ஒன்று. கைகளாலும் கருவிகளாலும் சுயமாகத் தொழில் செய்யும், 18 வயது நிறைந்தவர்கள் பதியலாம். குடும்பத்தில் ஒருவருக்கே இடமுண்டு. அரசுப் பணியாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இல்லை.

அடிப்படைப் பயிற்சியின்போது நாளொன்றுக்கு ₹500 உதவித்தொகையும், கருவிகள் வாங்க ₹15,000 மதிப்புள்ள மின்சீட்டும் வழங்கப்படுகின்றன. பிணையமின்றி முதல் தவணையாக ₹1 லட்சம் வரையும், அதை ஒழுங்காகத் திருப்பிய பின் இரண்டாம் தவணையாக ₹2 லட்சம் வரையும் கடன் பெறலாம். திருப்பும் காலம் முறையே 18 மாதமும் 30 மாதமும். பயனாளி செலுத்தும் வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு. பதிவு பொதுச் சேவை மையங்களின் வழியே நடைபெறும். முன்பு வேறு அரசுத் திட்டங்களில் பெற்ற கடன் நிலுவையில் இருப்பின் தகுதி மாறக்கூடும். எனவே விண்ணப்பிக்கும் முன் அருகிலுள்ள வங்கிக் கிளையில் அன்றைய விதிகளைக் கேட்டறிதல் நன்று. எங்கள் பட்டறிவைக் கொண்டு ஒன்று சொல்வோம்: கடன் கிடைத்ததும் மரத்தை வாங்கிக் குவிக்காதீர்கள். முதலில் நல்ல உளி, நல்ல தீட்டுக்கல். அடுத்து, மரம் உலர்ந்து அடங்குவதற்கான சில வாரங்களைத் தவணைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள். அந்த வாரங்களில் வருவாய் இல்லாவிட்டாலும் தவணை நிற்காது.

எங்கள் மேசையின் கதையை முடித்துவிடுகிறோம். பிளவின் போக்கிலேயே பலகையை இரண்டாக அறுத்து, விளிம்புகளை இழைத்து, மீண்டும் ஒட்டினோம். அகலம் ஓர் அங்குலம் குறைந்தது. அந்த மூத்த தச்சர் அருகில் நிற்க, பழைய துளைகளை அடைத்து, அடிச்சட்டத்தில் காடி வெட்டி, நகரும் பிடிகளால் பொருத்தினோம். அதன்பின் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. ஆகஸ்டில் மேற்பலகையின் விளிம்பு சட்டத்திற்கு வெளியே எவ்வளவு நீண்டிருந்தது என்பதைப் பென்சிலால் சட்டத்தின் அடியில் குறித்து வைத்திருந்தோம். ஏப்ரலில் அளந்தபோது அக்குறியிலிருந்து பலகை இருபுறமும் 5 மி.மீ. உள்வாங்கியிருந்தது. எங்கும் கீறல் இல்லை. இவ்வாண்டு மழை வந்ததும் அது மீண்டும் குறியை நோக்கி நகரத் தொடங்கியிருக்கிறது.